ஆறில் எது அண்ணன் நாற்காலி?

அண்ணன் நாற்காலிக்குள் விழுந்தார். நாற்காலியிலிருந்து விழுகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்; நாற்காலிக்குள்ளேயே விழுவது வேறு சங்கதி. வழக்கமான ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குத் தங்கை வீட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, முதல் கவளம் வாய்க்குப் போகிற நேரத்தில் அடியில் ஏதோ பட்டென்று அறுந்தது. அண்ணனின் பின்பக்கம் மரச்சட்டத்துக்குள் இறங்கியது. முழங்கால் இரண்டும் மேஜை உயரத்துக்கு வந்தன. கையிலிருந்த தண்ணீர் டம்ளர் மட்டும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அவர் பஸ் ஓட்டுகிறவர். உடம்பு எங்கே போனாலும் கை நிலையாக இருக்கும்.

முதலில் சிரித்தது அவருடைய தங்கைதான். தபால் ஆபீசில் பார்சல் கவுண்டரில் உட்காருகிறவள் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவள் பார்சலக்கா. அண்ணனுக்கு மட்டும் எலி. தலை பாதி நரைத்த பிறகும் எலி. அவள் சிரித்தாள், அவள் புருஷன் டெய்லர் சிரித்தார், மகள் சிரித்தாள், அண்ணிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நடுவில் பார்சலக்காவுக்கு என்ன தோன்றியதோ, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அண்ணா, மன்னிச்சுடு" என்றாள். அத்தனை பேரும் கப்சிப். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பேச்சு மூச்சு இல்லாமல், அவரை அந்தச் சட்டத்திலிருந்து உருவி எடுத்தார்கள். அண்ணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "வண்டி எடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். அன்றைக்கு அவருக்கு விடுமுறை.

அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின, அண்ணன் வரவில்லை. போன் செய்தால் வண்டி எடுக்கணும். நேரில் போனால் வண்டி எடுக்கணும். எப்போதாவது அந்தப் பக்கம் வந்தால் வாசலிலேயே நின்று நாலு வார்த்தை பேசுவார். உள்ளே கூப்பிட்டால், நாளெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போச்சு, நிற்பதுதான் சுகம் என்பார். அம்மாவும் அப்பாவும் போன பிறகு பார்சலக்காவுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அந்த ஒரு மனிதர்தான். அவர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தான் சிரித்ததுதான் காரணம் என்று அவள் உறுதியாக நம்பினாள். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் மகளுக்கு டிரைவிங் லைசென்ஸ் வந்தது. ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே மாமாதான். முதல் சவாரி மாமாவுக்கு என்பது எப்போதோ முடிவான விஷயம். அதை அவராலும் தட்ட முடியவில்லை.

"ஞாயித்துக்கிழமை வரேன்னு சொல்லிட்டார்" என்று அண்ணி போனில் சொன்னாள். "ஆனா உக்கார மாட்டாராம். பொண்ணை நின்னபடியே வாழ்த்திட்டு வந்துடுவாராம். என்ன பிடிவாதமோ போ. போட்டுக்கிற பேண்ட்டெல்லாம் இடுப்பைப் பிடிக்குது. வேற கடையில தச்சுக்கோங்கன்னா, மாப்பிள்ளை கை மாதிரி வராதுங்கிறார். மாப்பிள்ளை வீட்டுக்குப் போங்கன்னா வாயே திறக்க மாட்டேங்கிறார்."

பார்சலக்கா போனை வைத்தாள். நேராகச் சாப்பாட்டு மேஜைக்குப் போய் ஆறு நாற்காலிகளையும் ஒவ்வொன்றாகத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

அடிப்பக்கம் பார்க்கச் சகிக்கவில்லை. ஆறும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே மாதிரி தேய்ந்தவை. உடம்பைத் தாங்க வேண்டிய சணல் பட்டைகள் நைந்து தொங்கின. கை வைத்தாலே உள்ளிருந்த ஃபோம் மஞ்சள் தூளாகக் கொட்டியது. ஒன்று அண்ணனோடு போய்விட்டது, மற்ற ஐந்தும் ஆள் பார்த்துக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். "இதுல நாம இத்தனை நாள் தைரியமா உக்காந்து சாப்பிட்டிருக்கோம்" என்றாள் மகள்.

வேலை ஆரம்பித்தது. சீட்டுகளை நாற்காலியோடு பிடித்திருந்த திருகாணிகளைக் கழற்றி மகள் ஒரு கிண்ணத்தில் போட்டாள். பழைய துணியில் அடித்திருந்த பின்களை ஸ்குரூ டிரைவரால் நெம்பி நெம்பி எடுத்தாள். ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு திட்டு. மரச்சட்டங்கள் மட்டும் வெறுமையாக, கண்ணாடி போன ஜன்னல்கள் மாதிரி கூடத்தில் வரிசையாகக் கிடந்தன.

சோபாக் கடையில் போய்ப் பட்டை கேட்டபோது, நல்ல அகலப் பட்டை ஒரு நாற்காலிக்குத்தான் தேறியது. மற்றதற்கெல்லாம் சன்னப் பட்டைதான், அடுத்த சரக்கு எப்போது வரும் என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. சன்னப் பட்டையே சாதாரண ஆட்களுக்குத் தாராளம் என்றார். அண்ணன் எந்தக் கணக்கிலும் சாதாரண ஆள் இல்லை என்று பார்சலக்காவுக்குத் தெரியும்.

"அந்த நல்ல பட்டை மொத்தமும் ஒரே சேருக்கு" என்று வீட்டில் சொன்னாள். "அதுதான் அண்ணன் சேர். ஆனா வெளிய பார்த்தா ஆறும் ஒண்ணு போல இருக்கணும். தனக்குன்னு தனியா பலமா செஞ்சிருக்குன்னு தெரிஞ்சுது, அவ்வளவுதான், ஆயுசுக்கும் இந்தப் பக்கம் வரமாட்டார். யாரும் மூச்சு விடக் கூடாது."

பட்டை இழுத்துக் கட்டுவது அவளுக்குப் புது வேலை இல்லை. நாள் முழுக்கப் பார்சலுக்கு நாடா இறுக்குகிற கை. பட்டையின் ஒரு நுனியைச் சட்டத்தில் அடித்தாள், மறுநுனியை ஒரு மரக்கட்டையில் சுற்றி, கட்டையைச் சட்டத்தில் முட்டுக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். துப்பாக்கி மாதிரியான அந்தப் பெரிய ஸ்டேப்ளரால் மகள் டப் டப்பென்று அடித்தாள். நீளவாக்கில் முடிந்ததும் குறுக்குப் பட்டைகளை மேலே ஒன்று கீழே ஒன்றாகப் பாய் முடைகிற மாதிரி நுழைத்தாள். அண்ணன் சேரில் ஒரு விரல் போகிற இடைவெளிகூட விடவில்லை. தட்டிப் பார்த்தால் டங்கென்றது. ஆபீசிலிருந்து கொண்டுவந்த சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை அதன் அடியில் ஒட்டினாள். கனமான பார்சல்களுக்கு ஒட்டுவது. அதில் 'கனம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்காமலா ஒட்டினாள்? யோசித்தாள். நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டா ஒரு விருந்தாளி உட்காருவான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

துணி வேலை டெய்லருடையது. அதில் மூக்கை நுழைக்க யாருக்கும் உரிமை இல்லை என்று அவர் முதலிலேயே அறிவித்துவிட்டார். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட கெட்டித் துணி வாங்கிவந்திருந்தார். சீட்டை மேஜைமேல் நிறுத்தி, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, சுற்றளவு, உயரம், முன்பக்கம், பின்பக்கம் என்று ஆள் அளவு எடுப்பது போல எடுத்தார். மூச்சை இழுத்துப் பிடி என்று சொல்லாததுதான் பாக்கி. மெஷினில் தைத்து, முதல் உறையைக் கொண்டுவந்து பெருமையாக மாட்டினார். உறை தொளதொளவென்று தொங்கியது.

"என்னங்க இது, இப்படி லூசா இருக்கு?"

"உக்காரும்போது இழுக்கும்ல? அதுக்குக் கொஞ்சம் இடம் விடணும்."

"சேர் எங்கங்க உக்காரப் போகுது? அது மேலதான் நாம உக்காரப் போறோம்."

டெய்லர் தாடையைத் தடவினார். "உள்ளேயும் ரெண்டு விரக்கடை மடிச்சு விட்டிருக்கேன். நாளைக்குக் கொஞ்சம் குண்டாச்சுன்னா பிரிச்சு விட்டுக்கலாம்."

"சேரா?"

மகள் ஸ்டேப்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். டெய்லருக்கு முகம் சுண்டிப்போனது. வாழ்நாளெல்லாம் மனிதர்களுக்குத் தைத்தவர். மூச்சு விடாத, சாப்பிட்டால் உப்பாத, குனிந்து நிமிராத ஒரு வாடிக்கையாளரை அவர் அதுவரை பார்த்ததில்லை. உறையைப் பிரித்தார். பிறகு ஃபோமை வைத்து, துணியை மேலே போட்டு, பார்சலக்கா நாலு பக்கமும் இழுத்துப் பிடிக்க, மகள் அடிக்க, மூலை மடிப்புகளை மட்டும் அவர் செய்தார். மூலை என்றால் அது மூலை. அவ்வளவு கச்சிதமான மடிப்பைப் பார்த்ததும் பார்சலக்கா சற்று முன் கேலி செய்ததற்கு மனதுக்குள் வருத்தப்பட்டாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனிதரைப் பிடிக்க முடியாது.

சனிக்கிழமை ராத்திரியே ஆறு சீட்டுகளும் நாற்காலிகளில் ஏறியிருந்தன. மேஜைக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. அண்ணன் வழக்கமாக உட்காருகிற ஜன்னலோர இடத்தில் அண்ணன் சேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்சலக்கா அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். மகள் பக்கத்து வீட்டுக்காரரின் காரைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி மாமாவையும் அத்தையையும் கூட்டிவரக் கிளம்பினாள். எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. கூடத்தில் டெய்லர் தனியாக இருந்தார் என்பதுதான் ஒரே குறை.

அடுப்பை அணைத்துவிட்டு பார்சலக்கா வெளியே வந்தபோது அவர் சுவரோடு சாய்ந்து, கை கட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மூடி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"இங்க வந்து நின்னு பாரு" என்றார். "கோடு எப்படி ஓடுதுன்னு பாரு. இந்தச் சேர்ல முடியிற இடத்துல அடுத்த சேர்ல பிடிக்குது. முதல்ல ஒண்ணுக்கொண்ணு தள்ளிக்கிட்டு நின்னுது, பார்க்கவே கண்ணு வலிச்சுது. மாத்தி மாத்திப் போட்டு இப்பத்தான் சரியா வந்துச்சு."

பார்சலக்கா நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தாள். "மாத்திப் போட்டீங்களா?"

"ஆமா."

"அண்ணன் சேர் எங்க?"

டெய்லர் சாய்ந்திருந்த சுவரிலிருந்து முதுகை எடுத்தார். மூடியிருந்த கண்ணையும் திறந்தார். திருதிருவென்று விழித்தார்.

பார்சலக்கா ஒரு நாற்காலியைக் கவிழ்த்தாள். அடியில் பட்டையும் தெரியவில்லை, ஸ்டிக்கரும் தெரியவில்லை. கறுப்புத் துணி ஒன்று நாலு பக்கமும் மடித்து, சீட் துணியோடு தையல் ஊசியால் நுணுக்கமாகத் தைக்கப்பட்டிருந்தது. அடுத்ததைக் கவிழ்த்தாள். அதிலும் கறுப்புத் துணி. ஆறிலும்.

"லைனிங்" என்றார் டெய்லர், சன்னக் குரலில். "கோட்டு சூட்டுக்கு வெச்சிருந்தது மிச்சம் இருந்துச்சு, ராத்திரி உக்காந்து தச்சேன். உள்பக்கம் பிசிறு தெரியிற உருப்படி என் கையால வெளிய போனதில்ல."

"ஸ்டிக்கர்?"

"உரிச்சுட்டேன். அசிங்கமா இருந்துச்சு. மெஷின்ல ஒட்டிப் பத்திரமா வெச்சிருக்கேன்."

"ஸ்டிக்கர் பத்திரமா இருந்து என்னங்க பண்ண? அண்ணன் பத்திரமா இருக்க வேண்டாமா?" அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுபடி ஒரு முறை அண்ணன் எல்லார் முன்னாலும் நாற்காலிக்குள் இறங்கினால், பிறகு வாசல் வரைகூட வரமாட்டார். பிறந்த வீடு அதோடு சரி. "பிரிங்க, லைனிங்கைப் பிரிங்க."

அவர் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் ஹாரன் கேட்டது. மகள் வந்துவிட்டாள்.

பார்சலக்கா சீட்டுகளை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். கனமான புது ஃபோம். ஆறும் ஒன்று போலவே அமுங்கி ஒன்று போலவே எழும்பின. உட்கார்ந்து பார்த்தாள், எழுந்து பார்த்தாள், குதித்து உட்கார்ந்து பார்த்தாள். ஒரு வித்தியாசமும் இல்லை. டெய்லரும் அந்தக் கடைசியிலிருந்து உட்கார்ந்துகொண்டே வந்தார். இரண்டு பேரும் ஒல்லி. இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டினாலும் அண்ணனின் ஒரு தொடைக்குக் காணாது.

"நம்ம பாரம் பத்தல" என்றாள் அவள். "நீங்க உக்காருங்க. நான் உங்க மேல உக்காருறேன்."

"இப்பவா?"

"உக்காருங்கன்னா!"

டெய்லர் உட்கார்ந்தார். பார்சலக்கா அவர் மடியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கீழே பட்டை இறங்குகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இரண்டு பேரும் குதித்தார்கள். இறங்கவில்லை. அடுத்த நாற்காலிக்குத் தாவினார்கள், மறுபடி மடி, மறுபடி குதி. "சத்தம் கேக்குதா?" என்றாள் அவள். "என் முட்டி சத்தம்தான் கேக்குது" என்றார் அவர். விழுந்துவிடாமல் இருக்க அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. வாசலில் அண்ணன், அவருக்குப் பின்னால் அண்ணி, அவளுக்குப் பின்னால் கார்ச் சாவியோடு மகள்.

யாரும் அசையவில்லை. டெய்லர் மட்டும் அந்த நிலையிலும், "வாங்க மச்சான்" என்றார்.

"நாங்க வேணா அப்புறமா வரட்டுமா?" என்றார் அண்ணன்.

அண்ணி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். மகள், "அம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பார்சலக்கா துள்ளி எழுந்து புடவையைச் சரிசெய்தாள். முகத்தில் அசடு வழிந்தது. "வா அண்ணா, வாங்க அண்ணி. ஒண்ணுமில்ல, சும்மாதான், புது சீட், எப்படி இருக்குன்னு..."

"நல்லாத்தான் இருக்கும்போல" என்றார் அண்ணன். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, மகளின் தலையில் கை வைத்தார். "வண்டி நல்லா ஓட்டுறா. பிரேக்கோட மட்டும் ஏதோ பகை இருக்கு, அது போகப் போகச் சரியாயிடும். சரி, நான் வரேன் எலி. வண்டி எடுக்கணும்."

"உக்காரு அண்ணா."

"இல்ல, நிக்கிறதுதான்..."

"உக்காருன்னு சொல்லவும் பயமா இருக்கு அண்ணா" என்றாள் பார்சலக்கா. சொல்லக் கூடாது என்று வீட்டில் எல்லார் வாய்க்கும் பூட்டுப் போட்டவளே இப்போது மடமடவென்று கொட்டினாள். பட்டை போதாமல் போனது, ஒன்றை மட்டும் பலமாகச் செய்தது, ஸ்டிக்கர், லைனிங், கோடு, எல்லாவற்றையும். "உன் சேர் எதுன்னு தெரியல. மாத்தி உக்கார வெச்சு, மறுபடி ஏதாவது ஆயிட்டா நீ வரவே மாட்டே. எனக்கு உன்னை விட்டா யார் இருக்கா?"

அண்ணன் நாற்காலிகளைப் பார்த்தார். "எனக்குன்னு தனியாவா?" என்றார். குரல் இறங்கியிருந்தது. அந்தக் குரலுக்குத்தான் அவள் இத்தனை நாள் பயந்தாள்.

"ஆமா மாமா" என்றாள் மகள். "ஆனா அதைத் தொலைச்சுட்டோம்."

"இந்த ஆறுக்குள்ளேயே தொலைச்சுட்டீங்களா?"

"கோடு நல்லா வந்திருக்கு மச்சான்" என்றார் டெய்லர்.

அண்ணனின் மீசை ஓரம் ஒரு முறை துடித்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. மேஜையில் கை ஊன்றி நின்றார். "எலி, நான் எதுக்குக் கோச்சுக்கிட்டேன்னு நினைச்சே?"

"நான் சிரிச்சதுக்கு."

"நீ சிரிச்சதுக்கா? நீ பொறந்ததுல இருந்து என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கே. சைக்கிளோட சாக்கடையில விழுந்தேன், சிரிச்சே. என் கல்யாணத்துல சட்டைப் பட்டன் தெறிச்சுப் போய் போட்டோக்காரர் மேல பட்டுது, மேடையிலேயே உருண்டு சிரிச்சே. அன்னிக்கு நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள நீ வாயைப் பொத்திக்கிட்டு மன்னிச்சுடுன்னுட்டே. எல்லாரும் எழவு வீடு மாதிரி ஆயிட்டீங்க. எனக்கு ஏதோ வரக் கூடாத வியாதி வந்த மாதிரி ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்கினீங்க. அப்பத்தான், நான் இவ்வளவு குண்டான்னு எனக்கே பட்டுது."

பார்சலக்கா இத்தனை நாள் தவறான குற்றத்துக்குத் தன்னைத் தண்டித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அண்ணனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, நகரு" என்றார் அண்ணன். "பாரம் பார்க்க ரெண்டு பேரும் என்ன கூத்தெல்லாம் அடிச்சுக்கிட்டிருந்தீங்க. தராசே நேர்ல வந்திருக்கு, எதுன்னு இப்பப் பார்த்துடலாம்."

அவர் முதல் நாற்காலியை இழுத்துப் போட்டார். பஸ்ஸை எடுப்பதற்கு முன் சக்கரங்களைத் தட்டிப் பார்க்கிற அதே கவனத்தோடு கையால் தட்டினார். உட்கார்ந்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நாற்காலி ஒரு முனகலோடு நிறுத்திக்கொண்டது. "பரவாயில்ல" என்று எழுந்தார். இரண்டாவதில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தார். "இது சொகுசா இருக்கு. இதுல உக்காந்தா சாப்பிடுறதுக்கு முன்னாடியே தூக்கம் வந்துடும்." மூன்றாவதும் தாங்கியது. நாலாவதும் தாங்கியது. பார்சலக்காவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் வந்தது. சன்னப் பட்டையைச் சாதாரணமாக நினைத்துவிட்டோமே என்று தோன்றியது. தன் கையையே ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

ஐந்தாவதில் உட்கார்ந்ததும் அண்ணன் முகத்தைச் சுளித்தார். "அடேயப்பா. இது சேரா, பஸ் ஸ்டாண்டு சிமெண்ட் பெஞ்சா?" இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இதுதானே என் சேர்? நல்ல ஆளு எலி நீ. இதுல ஒரு மணி நேரம் உக்காந்தா எந்தக் கைதியும் உண்மையைச் சொல்லிடுவான். இது எனக்கு வேணாம். கோடு சரிபண்ணினாரே, அவருக்குப் போடு."

"நானா?" என்றார் டெய்லர்.

"நீங்களேதான்" என்றாள் பார்சலக்கா.

மீதி இருந்தது ஜன்னலோரத்து நாற்காலி, அவர் வழக்கமாக உட்காருகிற இடம். இப்போது அண்ணனுக்கே தைரியம் வந்துவிட்டது. தட்டிக்கூடப் பார்க்கவில்லை. சொந்த வீட்டுக்காரர் மாதிரி காலை அகட்டிக்கொண்டு, முழுப் பாரத்தையும் ஒரேயடியாக இறக்கினார்.

டர்ர்ர் என்றது.

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். மகள் வாசலைப் பார்த்தாள். டெய்லர் தரையில் மண்டி போட்டு நாற்காலிக்கு அடியில் தலையை விட்டார். ஆனால் அண்ணன் இறங்கவில்லை. மேஜைக்கு மேலே எவ்வளவு தெரிய வேண்டுமோ அவ்வளவும் தெரிந்தார். முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

"லைனிங் கிழியல" என்று அடியிலிருந்து டெய்லர் குரல் வந்தது. "பட்டை கிழியல. மேல் துணியும் கிழியல. அப்புறம் எது..." தலையை வெளியே எடுத்து நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். அவர் கைத்தையல் அவருக்குத் தெரியாதா? "மச்சான், இது நான் தச்ச பேண்ட்."

அண்ணன் மெல்ல எழுந்து, பின்னால் கையை வைத்துப் பார்த்தார். இடுப்பிலிருந்து கீழே வரைக்கும் தையல் வாயைப் பிளந்திருந்தது.

பார்சலக்காவின் வயிற்றுக்குள்ளிருந்து அது கிளம்பிவிட்டது. அவள் கை தானாக வாய்க்குப் போனது. பாதி வழியில் அவள் அதைப் பார்த்தாள், அண்ணனும் பார்த்தார். அவள் கையைக் கீழே இறக்கினாள்.

பிறகு சிரித்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய, தபால் ஆபீசில் யாரும் கேட்டிராத ஒரு சத்தத்தோடு சிரித்தாள். நிறுத்தவில்லை. அண்ணன் கிழிந்த இடத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அவளைவிடப் பெரிய குரலில் சிரித்தார். அண்ணி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கார்ச் சாவி மகளின் கையிலிருந்து விழுந்தது, யாரும் எடுக்கவில்லை.

டெய்லர் மட்டும் தொழில் கவலையில் இருந்தார். "உள்ளே ரெண்டு விரக்கடை துணி விட்டிருக்கேன் மச்சான், பிரிச்சு விட்டுடலாம்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். "அளவு குடுக்க வந்திருந்தா இப்படி ஆகுமா? இத்தனை நாள் நீங்க வராததுதான் தப்பு. இனிமே ஞாயித்துக்கிழமை தவறாம வாங்க, டேப்பும் கையுமா இருக்கேன்."

பேண்ட் மெஷினுக்குப் போனது. மிஞ்சியிருந்த நீலச் சீட் துணியை அண்ணன் இடுப்பில் சுற்றிக்கொண்டு, ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவரும் நாற்காலியும் ஒரே துணியில் தைத்த மாதிரி ஆகிவிட்டார்கள். டெய்லர் அந்தச் சிமெண்ட் பெஞ்ச் சேரில் உட்கார்ந்து நெளிந்துகொண்டே அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவரால் பொறுக்க முடியவில்லை. எழுந்து போய் அண்ணனின் முழங்காலருகே குந்தி, இடுப்புத் துணியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்து, அதன் கோட்டை நாற்காலியின் கோட்டோடு சேர்த்து வைத்தார்.

"இப்பச் சரி" என்றார்.

கரண்டியோடு வந்த பார்சலக்காவுக்கு மறுபடியும் பிடித்துக்கொண்டது. பரிமாற முடியவில்லை, கரண்டி கையில் ஆடியது. அடக்கப் பார்த்தாள்.

அண்ணன் தட்டை அவள் பக்கமாக நகர்த்திவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"சிரிச்சு முடிச்சுட்டு மெதுவாப் போடு எலி" என்றார். "எனக்கு வண்டி எதுவும் எடுக்க வேண்டியதில்ல."